வைத்தியசாலையில் எண்ணிப் பார்த்தல்

முகவுரை

நோயுற்றாரைப் பேணுதல் எல்லா நாட்டினராலும் எல்லாச் சமயத்தினராலும் போற்றப்பெறும் பேரறமாகும். திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தை முடிக்குங்கால் மருத்துவத்துக்குரிய உறுப்புக்களை நான்காக வகுத்தார். நோயாளி, அவன் பிணியைத் தீர்க்கும் மருத்துவன், கருவியாகிய மருந்து, அருகிலிருந்து ஏவல் புரியும் துணைவன் என்பன அவை. இந்நான்கும் குறைவின்றி அமைந்த இடத்தில் நோய் நீங்குதல் உறுதி என்று நாம் கருதுவது இயல்பே.

ஆயினும் வைத்தியசாலைகளின் வரலாற்றைப் படிக்குங்கால் வியப்பும் வருத்தமும் தரும் ஓர் உண்மை புலப்படுகின்றது. கற்றறிந்த வைத்தியர் இருந்தனர், இரக்கமுள்ள தாதியர் இருந்தனர், மருந்துக்கும் குறைவில்லை. அங்ஙனமிருந்தும் நோயாளர் பலர் தாம் கொண்டுவந்த நோயினால் அன்றி, வைத்தியசாலையிற் பெற்ற நோயினால் இறந்துபட்டனர். இறந்தாரை எண்ணிக் கணக்கிட்டுப் பார்த்தவர் ஒருவர் தோன்றும் வரையில் அவ்வுண்மை யாருக்கும் விளங்கவில்லை.

‘எண்ணுதல்’ என்னும் நம் தமிழ்ச்சொல் கணக்கிடுதலையும் சிந்தித்தலையும் ஒருங்கே குறிக்கும். வைத்தியசாலையில் நோயாளர்க்குச் செய்யப்படும் பணி திருந்திய வரலாறு இவ்விரு பொருளும் ஒன்று சேர்ந்த வரலாறேயாம். அவ்வரலாற்றில் நான்கு நிகழ்ச்சிகளை எடுத்துக்கொண்டு, அவற்றால் நாம் அறியத்தகுவன யாவை என்பதை ஈண்டு ஆராய்வோம்.

வியன்னா நகரத்துப் பிரசவசாலை

ஐரோப்பாவில் ஆஸ்திரியா நாட்டின் தலைநகராகிய வியன்னாவில் பொது வைத்தியசாலை ஒன்று பெரும்புகழுடன் விளங்கிற்று. அதிலிருந்த பிரசவசாலை இரு பிரிவுகளை உடையது. 1840ஆம் ஆண்டுமுதல் முதற் பிரிவில் வைத்திய மாணாக்கரும், இரண்டாம் பிரிவில் மருத்துவச்சித் தொழில் கற்கும் பெண்டிரும் பயிற்சி பெற்றுவந்தனர். கர்ப்பிணிகளை ஒருநாள் ஒரு பிரிவிலும் மறுநாள் மற்றொரு பிரிவிலுமாக மாறி மாறிச் சேர்த்துக்கொள்வது வழக்கம்.

1846ஆம் ஆண்டில் முதற் பிரிவில் பிரசவித்த 4,010 பேருள் 459 பேர் இறந்தனர். அவ்வாண்டில் இரண்டாம் பிரிவில் 3,754 பேருள் இறந்தவர் 105 பேரே. முதற் பிரிவில் நூற்றுக்குப் பதினொருவருக்கு மேல். இரண்டாம் பிரிவில் நூற்றுக்கு மூவரினும் குறைவு. இறந்தாருட் பெரும்பாலோரைக் கொன்றது பிரசவக் காய்ச்சல் என்னும் கொடிய பிணி. ஊரிலுள்ள ஏழைப் பெண்டிரும் இவ்வேற்றுமையை அறிந்திருந்தனர். முதற் பிரிவுக்குரிய நாளில் வந்து சேர்ந்தவர்கள் தம்மை இரண்டாம் பிரிவுக்கு அனுப்பிவிடுமாறு மண்டியிட்டுக் கதறியதும் உண்டு. வழியிலே தெருவிற் பிரசவித்து வந்தவர்கள்கூட, முதற் பிரிவில் வைத்தியர் கையாற் பிரசவித்தவரினும் நலமாயிருந்தனர்.

1846இல் முதற் பிரிவின் துணைவைத்தியராக அமர்ந்தவர் இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் இளைஞர். அவர் 1818ஆம் ஆண்டில் ஹங்கேரி நாட்டில் புடா நகரிற் பிறந்தவர். நாள்தோறும் தம் கண்முன்னே தாய்மார் இறத்தலைக் கண்டு அவர் மனம் பொறாது வருந்தினார். காரணம் யாது என்று பிறரை வினவியபோது, காற்றிற் பரவும் நச்சாவியே காரணம் என்றனர் சிலர். இடநெருக்கம் என்றனர் வேறு சிலர். அச்சம் என்றனர் மற்றுஞ் சிலர்.

செம்மல்வைஸ் இவற்றுள் ஒவ்வொன்றையும் இரு பிரிவின் கணக்கோடு ஒப்பிட்டு நோக்கினார். நச்சாவி காரணமாயின் ஒரே கூரையின்கீழ் அடுத்தடுத்துள்ள இரு பிரிவுகளையும் அஃது ஒப்பத் தாக்கவேண்டும். இடநெருக்கம் காரணமாயின் பெண்டிர் விரும்பிச் சென்று நிறையும் இரண்டாம் பிரிவிலேயே சாவு மிகவேண்டும். இறப்போர்க்கு இறுதிச் சடங்கு செய்யவரும் குருவானவரின் மணியோசை முதற் பிரிவினரை அச்சுறுத்துகின்றது என்ற கருத்தையும் அவர் விட்டாரல்லர். மணி அடியாமல் வேறு வழியாக வருமாறு அவரை வேண்டிக்கொண்டார், பயன் விளையவில்லை. பிரசவிக்குங்கால் பெண்களைக் கிடத்தும் முறையையும் மாற்றினார். அதனாலும் சாவு குறையவில்லை.

1847ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அவருடைய நண்பரும் ஆசிரியருமான கொல்லெட்ஷ்கா என்பவர், பிரேதப் பரிசோதனை செய்கையில் மாணாக்கன் ஒருவனது கத்தி விரலிற் பட்டதனால் நோயுற்று இறந்தார். அவர் உடலிற் காணப்பட்ட குறிகள் பிரசவக் காய்ச்சலால் இறந்த தாய்மார் உடலிற் காணப்பட்ட குறிகளை முற்றும் ஒத்திருந்தன. அதனைக் கேட்ட செம்மல்வைஸின் உள்ளத்தில் உண்மை மின்னலெனத் தோன்றிற்று. வைத்தியரும் மாணாக்கரும் காலையிற் பிணங்களை அறுத்துச் சோதித்துவிட்டு, அக்கையுடனேயே பிரசவசாலைக்கு வந்து தாய்மாரைப் பரிசோதித்தனர். மருத்துவச்சிகள் பிணத்தைத் தீண்டுவதில்லை. சாவைத் தாய்மார்க்குக் கொணர்ந்தவை, அவர்களைக் காக்க நீட்டிய கைகளே! தம் கைகளும் அவற்றுள் அடங்கும் என்பதை உணர்ந்தபோது அவர் அடைந்த துயரம் சொல்லுந்தரத்ததன்று.

1847 மே மாதத்தின் நடுவில், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரிற் கைகழுவாமல் ஒருவரும் பிரசவசாலையுட் புகலாகாது என்று விதித்தார். நாம் பிளீச்சிங் பவுடர் என வழங்கும் வெண்பொடியின் கரைசலே அது. ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெண்மராக இருந்த சாவு, ஜூனில் இருவர் அளவாயிற்று. அவ்வாண்டு அக்டோபரில், கருப்பையிற் புற்றுநோயுள்ள ஒரு பெண்ணை முதலிற் சோதித்துவிட்டு, இடையில் மருந்துநீரில் கைகழுவாமல் மற்றவர்களைச் சோதித்ததனால், ஒரே வரிசையிற் பிரசவித்த பன்னிருவருட் பதினொருவர் இறந்தனர். உயிருள்ளார் புண்ணினின்றும் நச்சுப்பொருள் பரவும் என்பதை அதனால் அறிந்து, ஒவ்வொரு நோயாளியைத் தொடுமுன்னும் கைகழுவவேண்டும் என விதியைத் திருத்தினார். 1848ஆம் ஆண்டில் முதற் பிரிவில் 3,556 பேருள் 45 பேரும், இரண்டாம் பிரிவில் 3,319 பேருள் 43 பேரும் இறந்தனர். இரு பிரிவும் ஏறத்தாழச் சமமாயின.

இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. நோய்க்கிருமிகளே இத்தகைய பிணிகளுக்குக் காரணம் என்பதை அக்காலத்தில் ஒருவரும் அறியார். பிரசவக் காய்ச்சலுக்குரிய கிருமியைப் பாஸ்டர் எடுத்துக்காட்டியது 1879ஆம் ஆண்டில். காரணத்தின் முழுவிளக்கம் கிடைப்பதற்கு முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே, இரு பத்தி எண்களை அருகருகே வைத்துச் சிந்தித்த ஒருவர் பரிகாரத்தைக் கண்டுவிட்டார்.

ஆயினும் அவர் வெற்றி நிலைபெறவில்லை. ‘எம் கைகளோ அழுக்குடையன?’ என்று சினந்தனர் பெரியோர் பலர். 1849இல் அவருடைய பதவிக்காலம் முடிந்தபோது அது நீட்டிக்கப்படவில்லை. அவரும் தம் கண்டுபிடிப்பைப் பொறுமையோடு எழுதிப் பரப்பவில்லை. அவருடைய நூல் 1861ஆம் ஆண்டிலேதான் வெளிவந்தது. மறுத்தவர்களைக் கொலைஞர் என இகழ்ந்து பகிரங்கக் கடிதங்கள் எழுதினார். 1865இல், தம் நாற்பத்தேழாம் வயதில், மனநோயாளர் விடுதி ஒன்றிற் புண்ணினால் இரத்தம் நச்சுற்று இறந்தார். மெய்யான கணக்கு ஒன்று மட்டும் போதாது. அதனைப் பிறர் ஏற்றுப் பழக்கமாக்கிக்கொள்ளும் வழியும் வேண்டும் என்பது அவர் வாழ்க்கையால் நாம் அறியும் இரண்டாவது பாடமாகும்.

ஸ்கூட்டாரியில் நைட்டிங்கேல் அம்மையார்

புளோரென்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை விளக்கேந்திய மாது என்று நாம் சிறுவயது முதலே கேட்டறிவோம். இரவில் விளக்கைக் கையிலேந்திப் போர்வீரரின் படுக்கைகளினூடே நடந்த அவருடைய அன்பு போற்றத்தக்கதே. ஆனால் அவர் உலகத்துக்குச் செய்த பேருதவி அவ்விளக்கோடு முடிந்துவிடவில்லை.

கிரிமியப் போரின்போது, 1854 நவம்பரில், அம்மையார் தாதியர் முப்பத்தெண்மருடன் கான்ஸ்டாண்டிநோபிளுக்கு எதிர்க்கரையிலுள்ள ஸ்கூட்டாரிப் படைவீட்டு வைத்தியசாலையை அடைந்தார். படுக்கை, துணி, உணவு, துப்புரவு எதுவும் சரியாக இல்லை. அம்மையார் சமையலறையைத் திருத்தினார். சலவைக்கு ஏற்பாடு செய்தார். வேண்டிய பொருள்களைத் தருவித்தார். இத்தனையும் செய்தும் அக்குளிர்காலத்தில் சாவு பெருகிற்று. 1855 பிப்ரவரியில் அங்குச் சிகிச்சை பெற்றோருள் நூற்றுக்கு 42 பேர் வரை இறந்தனர்.

மார்ச்சு மாதத்தில் இங்கிலாந்திலிருந்து சுகாதாரக் குழு ஒன்று அங்கு வந்தது. கட்டடத்தின்கீழ் அடைபட்டுக்கிடந்த சாக்கடைகளை அக்குழுவினர் கழுவிவிட்டனர். செத்த விலங்குகளை அகற்றினர். சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தனர். காற்றோட்டத்துக்கு வழி செய்தனர். ஜூன் மாதத்திற் சாவு நூற்றுக்கு இருவர் அளவாகக் குறைந்தது.

அம்மையார் அப்போது இதன் முழுப்பொருளை உணர்ந்தாரல்லர். நல்லுணவின்மையும், நோய் முற்றிய பின் வீரரைக் கொணர்ந்தமையுமே சாவின் காரணங்கள் எனக் கருதியிருந்தார். நாடு திரும்பிய பிறகு வில்லியம் பார் என்னும் புள்ளிவிவர நிபுணரின் துணைகொண்டு கணக்குகளை மாதவாரியாக ஆராய்ந்தபோதுதான், சுகாதாரக்கேடே பெருங்காரணம் என்பது துலங்கிற்று. தாம் அல்லும் பகலும் உழைத்த இடத்திலேயே தாம் காணாத குறை இருந்ததென்பதை அவர் மறைத்தாரல்லர். அதனையே தம் வாழ்நாட் பணிக்கு அடிப்படையாக்கிக்கொண்டார்.

அமைச்சரும் படைத்தலைவரும் எண்கள் நிறைந்த பத்திகளைப் படியார் என்பதை அறிந்த அம்மையார், 1858ஆம் ஆண்டில் அவற்றை வண்ணப்படமாக வரைந்து காட்டினார். வட்டத்தைப் பன்னிரு மாதங்களாகப் பகுத்து, தடுக்கக்கூடிய நோயால் இறந்தாரை நீலத்தாலும், புண்பட்டு இறந்தாரைச் சிவப்பாலும், பிற காரணங்களால் இறந்தாரைக் கறுப்பாலும் குறித்தார். நீலம் படம் முழுவதும் பரந்து கிடந்தது. பகைவரின் குண்டினும் சாக்கடையே மிகுதியான வீரரைக் கொன்றதென்பதைக் கண்ணுடையார் யாவரும் கண்டனர். 1860ஆம் ஆண்டில் இலண்டனிற் கூடிய அனைத்துநாட்டுப் புள்ளிவிவர மாநாட்டில், வைத்தியசாலைகள் யாவும் ஒரே முறையிற் கணக்கு வைக்கவேண்டும் என்னும் திட்டத்தையும் அவர் முன்வைத்தார். அவ்வாண்டிலேயே இலண்டன் தூய தோமையார் வைத்தியசாலையில் அவர் பெயரால் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பெற்றது. அன்பும் கணக்கும் ஒருவரிடத்தே கூடியிருந்தமையின் அவர் பணி நிலைத்தது.

தன் பிழையைத் தானே அச்சிட்டவர்

மூன்றாவதாகக் கூறத்தக்கவர் அமெரிக்காவிற் பாஸ்டன் நகரில் வாழ்ந்த எர்னஸ்ட் கோட்மன் என்னும் ரணசிகிச்சை நிபுணர். இவர் 1869இற் பிறந்து 1940இல் மறைந்தவர். ஒவ்வொரு வைத்தியசாலையும் தான் சிகிச்சை செய்த ஒவ்வொரு நோயாளியையும் போதிய காலம் பின்தொடர்ந்து, சிகிச்சை பயனளித்ததா என்று அறியவேண்டும். அளிக்கவில்லையாயின் ஏன் அளிக்கவில்லை என ஆராயவேண்டும் என்பது அவர் கொள்கை. இதனை ‘முடிவுப்பயன்’ முறை என்று அவர் வழங்கினார்.

இதில் என்ன புதுமை என்று நாம் வினவலாம். கடை வைத்திருப்போன் ஆண்டிறுதியில் இலாப நட்டம் பாராதிருப்பானா? ஆனால் அக்காலத்து வைத்தியசாலைகள், எத்தனை பேருக்குச் சிகிச்சை செய்தோம் என்று அறிக்கை வெளியிட்டனவேயன்றி, எத்தனை பேர் நலம்பெற்று வாழ்கின்றனர் என்று தேடிப் பார்த்ததில்லை. பதவி உயர்வும் வயதின் மூப்பைக் கொண்டே அளிக்கப்பட்டது. சிகிச்சையின் பயன் கருதப்படவில்லை. கோட்மன் இதனை எதிர்த்து, தாம் பணிபுரிந்த பெரிய வைத்தியசாலையினின்றும் 1914இல் விலகினார். அடுத்த ஆண்டில் ஒரு கூட்டத்திற் கேலிச்சித்திரம் ஒன்றைத் திறந்துவைத்தார். மணலிற் தலையைப் புதைத்துக்கொண்டு பொன்முட்டைகளை உதைத்துத் தள்ளும் தீக்கோழி அதில் வரையப்பட்டிருந்தது. செல்வர்களின் நன்கொடையை வாங்கிக்கொண்டு உண்மையைக் காண மறுக்கும் நிலையை அது குறித்தது. பெரும் ஆரவாரம் எழுந்தது. நண்பர் பலர் அவரைக் கைவிட்டனர்.

பிறரைக் குறைகூறியதோடு அவர் நின்றிருப்பாராயின் நாம் அவரைப் போற்றவேண்டுவதில்லை. 1911ஆம் ஆண்டில் தாமே ஒரு சிறு வைத்தியசாலையை நிறுவியிருந்தார். 1911 முதல் 1916 வரை அங்கிருந்து வீடுசென்ற 337 நோயாளரைப் பற்றிய குறிப்புக்களையும், தம்மாலும் தம் உடனுழைப்போராலும் நேர்ந்த 123 பிழைகளையும் வகைப்படுத்தித் தம் செலவிலேயே அச்சிட்டு வெளியிட்டார். அறியாமையால் நேர்ந்தது எது, கைத்திறக்குறைவால் நேர்ந்தது எது, நோயின் கொடுமையால் நேர்ந்தது எது எனப் பிரித்துக் காட்டினார். தன் பிழையைத் தானே ஊரறியச் சொல்வது எத்துணை அரிய செயல் என்பதைத் தேர்வில் தவறிய மாணாக்கன் ஒருவனும் அறிவான்.

1917இல் அமெரிக்க ரணசிகிச்சையாளர் சங்கம் வைத்தியசாலைகளுக்குரிய குறைந்த அளவுத் தகுதிகளை வகுத்தது. நோயாளர் ஒவ்வொருவருக்கும் முறையான குறிப்பேடு வேண்டும்; வைத்தியர்கள் கூடித் தம் பணியைத் தாமே ஆராயவேண்டும் என்பன போன்ற எளிய விதிகளே அவை. மறு ஆண்டில் நூறும் அதற்கு மேலும் படுக்கைகளையுடைய 692 வைத்தியசாலைகளைச் சோதித்தபோது 89 மட்டுமே தேறின. தவறியவற்றுட் புகழ்பெற்றவையும் இருந்தமையால், 1919இல் அப்பட்டியலை நள்ளிரவில் அடுப்பிலிட்டு எரித்துவிட்டனர். ஆயினும் எண் எரியவில்லை. நாணமுற்ற வைத்தியசாலைகள் தம்மைத் திருத்திக்கொள்ளத் தொடங்கின. 1950ஆம் ஆண்டில் அத்தகுதிகளைப் பெற்றவை 3,200க்கு மேற்பட்டன.

ஐந்து செயல்களும் பத்தொன்பது வினாக்களும்

நோயாளரைப் பேணும் பணியின் தரத்தை எவ்வாறு அளப்பது என்பதை 1966ஆம் ஆண்டில் அவேதிஸ் டொனபீடியன் என்னும் அறிஞர் தெளிவாக வகுத்துக் கூறினார். அமைப்பு, செயல்முறை, பயன் என மூன்றினை நோக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. கட்டடம், கருவி, பணியாளர் ஆகியவை அமைப்பு. அவற்றைக்கொண்டு நோயாளிக்குச் செய்யப்படுவது செயல்முறை. அதனால் அவன் பெறும் நலம் பயன். நாம் ஒரு வைத்தியசாலையைக் காணச் சென்றால் கட்டடத்தின் உயரத்தையும் கருவியின் விலையையும் கண்டு வியக்கின்றோம். அவை முதற்படியே.

செயல்முறையைத் திருத்துவதாற் பயன் எவ்வளவு பெருகும் என்பதற்கு அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில் நடந்தது சான்றாகும். அபாய நிலையிலுள்ள நோயாளரின் பெரிய நரம்பில் மருந்து செலுத்துதற்பொருட்டு மெல்லிய குழாய் ஒன்றைப் பொருத்துவர். அக்குழாய் வழியே கிருமிகள் இரத்தத்திற் கலந்து பலர் இறப்பதுண்டு. பீட்டர் புரோனோவோஸ்ட் என்னும் வைத்தியரின் வழிகாட்டலில், 2003இல் தொடங்கி அம்மாகாணத்தின் நூற்றுக்கு மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஐந்து செயல்கள் கட்டாயமாக்கப்பெற்றன. கைகழுவுதல், நோயாளியின் தோலைக் கிருமிநாசினியாற் துடைத்தல், உடல் முழுவதையும் தூய துணியால் மூடிச் செய்தல், கூடியவரை தொடைப்பகுதியைத் தவிர்த்தல், தேவையில்லாத குழாயை உடனே எடுத்துவிடுதல் என்பனவே அவை. இவற்றுள் ஒன்றேனும் வைத்தியர் அறியாததன்று.

புதுமை வேறோரிடத்தில் இருந்தது. வைத்தியர் இவ்வைந்தில் ஒன்றைத் தவறவிடின், அருகில் நிற்கும் தாதி அவரைத் தடுத்து நிறுத்தலாம் என்ற உரிமை வழங்கப்பெற்றது. ஒவ்வொரு பிரிவிலும் மாதந்தோறும் கணக்கும் எடுக்கப்பெற்றது. ஒரு குழாய் ஒருநாள் இருப்பதை ஓர் அலகாகக் கொண்டால், ஆயிரம் அலகுக்குச் சராசரி 7.7 ஆக இருந்த நோய்த்தொற்று, பதினெட்டு மாதத்துக்குள் 1.4 ஆகக் குறைந்தது. 2006இல் வெளிவந்த இக்கணக்கு உலகமெங்கும் வைத்தியரைச் சிந்திக்கச் செய்தது.

உலக சுகாதார நிறுவனமும் இவ்வழியிலேயே ரணசிகிச்சைக்குரிய வினாப்பட்டியல் ஒன்றை வகுத்தது. மயக்கமருந்து கொடுக்குமுன் ஒருமுறையும், கத்தியை வைக்குமுன் ஒருமுறையும், நோயாளி அறையினின்றும் செல்லுமுன் ஒருமுறையும் யாவரும் சிறிது நின்று பத்தொன்பது செய்திகளைச் சரிபார்க்கவேண்டும். நோயாளி யார், செய்யவேண்டிய சிகிச்சை யாது, உடலின் எப்பக்கம், பஞ்சும் கருவியும் எண்ணிக்கையிற் சரியா என்பன அவற்றுட் சில. அறையிலுள்ளோர் ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் சொல்லவேண்டும் என்பதும் ஒன்று. தம் பெயரைச் சொல்லி வாய்திறந்த பணியாளர், பின்னர்த் தவறு காணுமிடத்து அஞ்சாது பேசுவர் என்பது கருத்து. 2007, 2008ஆம் ஆண்டுகளில் உலகின் எட்டு நகரங்களில் இதனைச் சோதித்தனர். நம் நாட்டில் புதுதில்லித் தூய ஸ்தேவான் வைத்தியசாலை அவ்வெட்டினுள் ஒன்று. இறப்பு நூற்றுக்கு 1.5 என்பதிலிருந்து 0.8 ஆகவும், சிகிச்சைக்குப் பின் நேரும் கேடுகள் 11 என்பதிலிருந்து 7 ஆகவும் குறைந்தன.

எனினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். கனடாவின் ஒண்டேரியோ மாகாணத்தில் 101 வைத்தியசாலைகளில் இப்பட்டியலைப் புகுத்திய பின் எடுத்த கணக்கு 2014இல் வெளிவந்தது. இறப்பில் குறிப்பிடத்தக்க வேற்றுமை அதிற் காணப்படவில்லை. தாளிற் குறியிடுதல் வேறு, உளமார நின்று வினவுதல் வேறு என்பது இதனை ஆராய்ந்தோர் பலரின் துணிபு. பட்டியல் ஒரு கருவியே; அதற்கு உயிர் கொடுப்பது கேட்போரின் நேர்மையும், கேட்கப்படுவோரின் பணிவும் ஆகும்.

நமக்குரிய பாடம்

மேற்கூறிய நான்கு நிகழ்ச்சிகளாலும் மூன்று உண்மைகள் பெறப்படுகின்றன.

முதலாவது, பயனைக் கணக்கிடவேண்டும். அன்பு இருக்கின்றது, ஆகவே குறை இராது என்று எண்ணுதல் கூடாது. ஸ்கூட்டாரியில் அன்புக்குக் குறைவில்லை, சாக்கடை அடைபட்டிருந்தது.

இரண்டாவது, கணக்குக் காட்டும் குறையைத் தன் குறையாக ஏற்கும் துணிவு வேண்டும். வியன்னாவின் பெரியோர்க்கு அது இல்லாமையாற் கண்ட பரிகாரமும் கைவிடப்பட்டது. ஆனால் பிழையைச் சொல்பவனைத் தண்டிக்கும் இடத்தில் பிழைகள் மறையுமேயன்றிக் குறையா. ஆதலின் தலைவராயினார் உண்மை சொல்வோரைக் காத்தல் கடமையாகும்.

மூன்றாவது, கீழ்நிலையிலுள்ளார் சொல்லும் சொல்லுக்கு இடம்வேண்டும். இது தாதியரின் கல்வியையும் மதிப்பையும் பொறுத்தது. நம் நாட்டில் 1946ஆம் ஆண்டில் வேலூரிலும் தில்லியிலும் தாதியர்க்குப் பட்டப்படிப்பு தொடங்கப்பெற்றது. ஏவல் கேட்பவர் என்னும் நிலையினின்றும், அறிந்து கூறுபவர் என்னும் நிலைக்குத் தாதியர் உயர்தற்கு அது வழிகாட்டிற்று. ஆயினும் இன்றும் பல இடங்களில் வைத்தியர் கைகழுவாது வந்தால் ‘ஐயா, கைகழுவவில்லையே’ என்று சொல்லும் துணிவு தாதிக்கு எளிதில் வருவதில்லை. சொன்னால் நன்றி கூறும் வைத்தியரும் மிகுதியாக இலர்.

நம் நாட்டில் வைத்தியசாலைகளின் தரத்தைச் சோதித்துச் சான்று வழங்கும் தேசிய வாரியம் 2005இல் அமைக்கப்பெற்றது. தூய்மையிற் சிறந்த அரசாங்க வைத்தியசாலைகளுக்குப் பரிசளிக்கும் ‘காயகல்ப்’ என்னும் திட்டம் 2015இல் தொடங்கிற்று. இவை நல்ல முயற்சிகளே. ஆனால் சோதிப்போர் வரும் நாளில் மட்டும் சோப்பும் துண்டும் வைப்பதாற் பயனில்லை என்பதை ஒண்டேரியோவின் கணக்கு நமக்கு உணர்த்துகின்றது.

இக்கல்லூரியிற் பயிலும் மாணாக்கருள் வைத்தியத்துறைக்குச் செல்வோர் சிலரே. ஏனையோர்க்கு இதில் என்ன என்று வினவலாம். நம் வழக்கப்படி, வீட்டில் ஒருவர் நோயுற்று வைத்தியசாலையிற் சேர்ந்தால் உறவினர் ஒருவர் உடனிருந்து பார்த்துக்கொள்கின்றோம். வள்ளுவர் கூறிய நான்காவது உறுப்பு அப்போது நாமேயாகின்றோம். நோயாளியைத் தொடுமுன்னும் தொட்டபின்னும் நாம் கைகழுவுகின்றோமா? பக்கத்துப் படுக்கையிலுள்ளாருக்கு உதவிவிட்டு அக்கையாலேயே நம்மவர்க்கு உணவூட்டுகின்றோமா? பத்துப்பேர் கூட்டமாகச் சென்று படுக்கையைச் சுற்றி நிற்கின்றோமா? கொடுத்த மருந்தின் பெயரையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதிவைத்து, ஐயமுற்றபோது மரியாதையாக வினவுகின்றோமா? இவற்றிற்குப் பொருட்செலவு பெரிதும் வேண்டியதில்லை.

நம் பழைய மாணாக்கருள் வைத்தியசாலைகளின் ஆட்சிக்குழுக்களில் வீற்றிருப்போரும் உளர். அவர்கள் ஆண்டறிக்கையைப் படிக்குங்கால், எத்தனை பேர் வந்தனர், எவ்வளவு பொருள் சேர்ந்தது என்பவற்றோடு அமையாது, இங்கு வந்த பின் புதிதாக நோய்த்தொற்றுப் பெற்றவர் எத்தனை பேர் என்னும் ஒரு வினாவையும் எழுப்புவாராக. விடை இல்லையெனின், கணக்கு எடுக்கப்படவில்லை என்பது பொருள். அவ்வினாவை ஆண்டுதோறும் கேட்பதாலேயே கணக்கு எடுக்கும் வழக்கம் தோன்றும்.

இனி வைத்தியம் கற்கப்போகும் மாணவ நண்பர்கட்கு ஒரு சொல். நீங்கள் பட்டம்பெற்று முதன்முதலாக வார்டினுட் புகும் நாளில், உங்களினும் கல்வியிற் குறைந்த தாதி ஒருவர் நீங்கள் மறந்த ஒன்றை நினைவூட்டக்கூடும். அப்போது உங்கள் முகம் சிவக்கலாம். வியன்னாவில் மண்டியிட்டு அழுத தாய்மாரை அந்நேரத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் வேண்டியது பெரியதொன்றன்று. தம்மைத் தொடும் கை கழுவிய கையாக இருத்தலே. அத்தாதிக்கு நன்றி கூறிக் கைகழுவிவிட்டு நோயாளியின் அருகிற் செல்லுங்கள்.